மண்டபம் பிடித்துவிட்டு மாப்பிள்ளை தேடுகிறவர்கள்

கல்யாணத் தேதி குறித்தாகிவிட்டது. மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. பத்திரிகை அடித்து ஊர் முழுக்கக் கொடுத்தும் ஆகிவிட்டது. இனிமேல்தான் மாப்பிள்ளை பார்க்க வேண்டும்! இப்படி ஒரு வீட்டைப் பற்றிக் கேள்விப்பட்டால் என்ன சொல்வோம்? ஆனால் ஒரே ஒரு பொருளைச் செய்ய 20 கோடி டாலருக்கு மேல் கொட்டும் ஒரு தொழில், பல நேரங்களில் இப்படித்தான் நடக்கிறது. வீடியோ கேம் தயாரிப்பைத்தான் சொல்கிறேன்.

"20 கோடி டாலரா? சும்மா சுட்டுத் தள்ளுகிற விளையாட்டுக்கா?" என்று கேட்பவர்களுக்காக ஒரு தகவல். ஆக்டிவிஷன் பிளிஸார்ட் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்குவதைத் தடுக்க அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 2023இல் நீதிமன்றத்துக்குப் போனது. அந்த வழக்கில் சோனி கொடுத்த ஆவணங்களில் ரகசிய எண்களைக் கறுப்பு மார்க்கரால் அடித்திருந்தார்கள். ஸ்கேன் செய்து பார்த்தால் மைக்கு அடியில் எண் பளிச்சென்று தெரிந்தது! (இதையும் யாரோ அவசரத்தில்தான் செய்திருப்பார்கள் போல.) 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' கேமுக்குச் சுமார் 22 கோடி டாலர், உச்சக்கட்டத்தில் சுமார் 200 ஊழியர்கள். 'ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்' கேமுக்கு 21 கோடி டாலருக்கு மேல், 300 ஊழியர்கள். பல ஆண்டு உழைப்பு வேறு.

இவ்வளவு பணமும் படித்த ஆட்களும் இருந்தும் பெரிய கேம்கள் பலவற்றின் கதை ஒரே மாதிரி முடிகிறது. சொன்ன தேதிக்கு வராது. தள்ளிவைப்பார்கள். கடைசி மாதங்களில் ஊழியர்கள் ராத்திரி பகலாக அலுவலகத்திலேயே கிடப்பார்கள். அதற்கும் பிறகு ஓட்டை உடைசலோடு வெளிவரும். கடைசி நேர ராத்திரி வேலைக்கு அந்தத் துறையில் 'கிரஞ்ச்' என்று ஒரு பெயரே இருக்கிறது.

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம், "கலைஞர்களுக்குத் திட்டமிட வராது" என்பது. நான் இதை ஒப்புக்கொள்ளமாட்டேன். திட்டம் இருக்கிறது. அட்டவணை இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளத் தயாரிப்பாளர் என்று தனிப் பதவியே இருக்கிறது. கோளாறு வேறு இடத்தில். தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொள்ளும் முன்பே தேதி குறிக்கிறார்கள். பிறகு கணக்கு உதைத்தால், ஊழியர்களின் தூக்கத்தை எடுத்து அந்தக் கணக்கை நேர் செய்கிறார்கள்.

முதலில் ஒரு கேம் எப்படி உருவாகிறது என்று பார்த்துவிடுவோம்.

முதல் கட்டம், யோசனை. இரண்டாவது, முன்தயாரிப்பு: சின்னக் குழு ஒன்று உட்கார்ந்து மாதிரிகள் செய்து பார்க்கும். மூன்றாவது, தயாரிப்பு: குழு பத்து மடங்கு கூடப் பெருக்கும், ஓவியர்கள், அனிமேஷன்காரர்கள், நிரல் எழுதுபவர்கள், ஒலிக்காரர்கள் எல்லாரும் வருவார்கள். பிறகு 'ஆல்ஃபா': திட்டமிட்ட அம்சங்கள் எல்லாம் குறையோடாவது உள்ளே வந்துவிட்ட நிலை. அடுத்து 'பீட்டா': புதிதாக எதையும் சேர்க்கக்கூடாது, பிழைகளைத் திருத்துவது மட்டும்தான். கடைசியாக சோனி, மைக்ரோசாஃப்ட், நிண்டெண்டோ என்று எந்தக் கருவியில் வரப்போகிறதோ அந்த நிறுவனத்தின் சோதனையில் தேற வேண்டும். தேறிய பிரதிக்கு 'கோல்ட்' என்று பெயர். அது வட்டு அடிக்கப் போகும்.

காகிதத்தில் பார்த்தால் வீடு கட்டுவது மாதிரி இருக்கிறது, இல்லையா? அஸ்திவாரம், சுவர், கூரை, பூச்சு. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. வீடு கட்டும்போது "இது வீடாக இருக்குமா?" என்ற சந்தேகம் யாருக்கும் வராது. கேமில் கடைசிவரை துரத்தும் கேள்வியே அதுதான்: "இது சுவாரஸ்யமாக இருக்குமா?" சுவாரஸ்யத்தை வரைபடத்தில் போட்டுக் காட்ட முடியாது. செய்து, கையில் எடுத்து ஆடிப் பார்த்தால்தான் தெரியும்.

ஒரு எளிய உதாரணம். நாயகன் எவ்வளவு தூரம் தாவுவான்? சின்ன விஷயம்தான். ஆனால் அந்தத் தூரத்தை வைத்துத்தான் எல்லாப் பள்ளங்களின் அகலமும், சுவர்களின் உயரமும், எதிரிகள் நிற்கும் இடமும் அமைக்கப்படுகின்றன. முன்தயாரிப்பில் ஐந்து பேர் இருக்கும்போது தாவலை மாற்றினால் ஒரு மதிய நேர வேலை. தயாரிப்பில் 200 பேர் இருக்கும்போது மாற்றினால்? அதுவரை கட்டிய அத்தனை இடங்களையும் இடித்துக் கட்ட வேண்டும். அதே மாற்றம்தான். நேரம் தவறினால் விலை பல நூறு மடங்கு.

இதைத் தெளிவாகச் சொன்னவர் மார்க் செர்னி. 'கிராஷ் பாண்டிகூட்' கேம்களில் பங்கேற்றவர், பிற்பாடு பிளேஸ்டேஷன் 4 கருவியின் வடிவமைப்புக்குத் தலைமை தாங்கியவர். 2002இல் ஒரு மாநாட்டில் அவர் முன்வைத்த கருத்தின் சாரம் இது: முன்தயாரிப்புக்கு அட்டவணை போடாதீர்கள், போடவும் முடியாது. முழுத் தரத்தில் ஒரு சின்னப் பகுதியை ஆடும்படி செய்து முடியுங்கள். அது நன்றாக வந்தால் தேதி குறியுங்கள். வரவில்லையென்றால் கேமையே கைவிடுங்கள். அந்தக் கட்டத்தில் கைவிட்டால் நஷ்டம் கொஞ்சம்தான்.

இருபது வருடத்துக்கு முன்பே ஒருவர் இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் பெரிய நிறுவனங்கள் ஏன் கேட்பதில்லை?

பணம் வரும் வழிதான் காரணம் என்று நினைக்கிறேன். கேம் செய்யும் ஸ்டூடியோ வேறு, பணம் போடும் வெளியீட்டு நிறுவனம் வேறு என்றால், பணம் தவணை தவணையாகத்தான் வரும். ஒவ்வொரு தவணைக்கும் ஏதாவது ஒன்றைக் காட்ட வேண்டும். "மூன்று மாதம் சுவாரஸ்யத்தைத் தேடினோம், இன்னும் கிடைக்கவில்லை" என்று சொன்னால் காசோலை வராது. எனவே பார்க்க அழகான ஒன்றைச் செய்து காட்டுவார்கள். இரண்டும் ஒரே நிறுவனம் என்றாலும் பங்குச்சந்தை இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை முதலீட்டாளர்களிடம் கணக்குச் சொல்ல வேண்டும். அதற்கும் மேல் கிறிஸ்துமஸ் விற்பனை. நம்மூரில் பெரிய படங்கள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அடித்துக்கொள்வது மாதிரிதான்.

கிறிஸ்துமஸ் என்றதும் 'ஈ.டி.' ஞாபகம் வருகிறது. ஸ்பீல்பெர்க்கின் படம் 1982இல் சக்கைப்போடு போட்டபோது, அதன் கேம் உரிமையை அடாரி நிறுவனம் பெரும் விலை கொடுத்து வாங்கியது. பேச்சுவார்த்தை முடிந்தபோது ஜூலை மாதக் கடைசி. கிறிஸ்துமஸுக்குக் கடைக்கு வர வேண்டுமென்றால் செப்டம்பர் தொடக்கத்தில் கேம் தயாராக வேண்டும். ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற திறமையான வடிவமைப்பாளருக்குக் கிடைத்த நேரம் ஐந்து வாரம்! சொன்ன தேதிக்கு முடித்தும் கொடுத்துவிட்டார். அட்டவணைப்படி பார்த்தால் நூற்றுக்கு நூறு. ஆனால் விற்காத கார்ட்ரிட்ஜ்கள் குவிந்தன. 1983இல் நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோ ஊர்க் குப்பைமேட்டில் லாரி லாரியாகப் புதைத்தார்கள். 2014இல் தோண்டியபோது அவை மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்தன. தேதியைக் காப்பாற்றினால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அது அந்தக் காலம், ஒரு ஆள் ஒரு கேம் செய்த காலம் என்று தள்ளிவிடலாம். சரி, புதியதைப் பார்ப்போம். பயோவேர் ஸ்டூடியோவின் 'ஆன்தம்' 2019 பிப்ரவரியில் வந்தது. அதற்கு முன் பல ஆண்டுகள் வேலை நடந்திருந்தது. வெளிவந்து சில வாரங்களில் பத்திரிகையாளர் ஜேசன் ஷ்ரையர் அதன் கதையை விரிவாக எழுதினார். நாயகர்கள் இரும்புக் கவசத்தில் வானில் பறப்பதுதான் அந்தக் கேமின் பெருமையே. ஆனால் பறப்பது வேண்டுமா வேண்டாமா என்பதே பல வருடம் முடிவாகாமல், சேர்ப்பதும் எடுப்பதுமாக இருந்திருக்கிறது! மேலே சொன்ன தாவல் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். தாவுபவனுக்குக் கட்டிய உலகமும் பறப்பவனுக்குக் கட்டிய உலகமும் ஒன்றாகுமா? 2017இல் உலகத்துக்கு அறிவித்தபோது கையில் இருந்தது பெரும்பாலும் அந்த முன்னோட்டம்தான். கேமின் பெரும்பகுதி கடைசி ஒன்றரை ஆண்டுக்குள் அவசரமாகச் செய்யப்பட்டது. கடைசி நேரத்தில் எல்லாம் கூடிவந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு அந்த ஸ்டூடியோவுக்குள் 'பயோவேர் மந்திரம்' என்றே பெயர். அந்த மந்திரத்தை நம்பியதன் விலையை மன அழுத்தத்தால் விடுப்பில் போன ஊழியர்கள் கொடுத்தார்கள்.

அடுத்தது 'சைபர்பங்க் 2077'. போலந்து நாட்டு சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் இதை அறிவித்தது 2012இல். முழுவீச்சில் வேலை தொடங்கியதோ, 'விட்சர் 3' கேமின் கடைசி இணைப்பு 2016இல் வெளியான பிறகுதான். 2019இல் மேடை போட்டு 2020 ஏப்ரல் 16 என்று தேதி சொன்னார்கள். பிறகு செப்டம்பர் 17. பிறகு நவம்பர் 19. அக்டோபர் தொடக்கத்தில் 'கோல்ட்' ஆகிவிட்டது என்றார்கள். அதே மாதக் கடைசியில் மறுபடி தள்ளி டிசம்பர் 10 என்றார்கள். யாரையும் கட்டாயப்படுத்த மாட்டோம் என்று 2019இல் வாக்குக் கொடுத்த அதே நிறுவனம், 2020 செப்டம்பரில் ஆறு நாள் வாரத்தைக் கட்டாயமாக்கியது. இத்தனைக்குப் பிறகும் பழைய பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவிகளில் கேம் தடுமாறியது. வெளியான எட்டாவது நாளே சோனி தன் இணையக் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டது. திரும்ப வைக்க 2021 ஜூன் ஆனது. 2023இல் வந்த பெரிய திருத்தத்துக்குப் பிறகு அது உண்மையிலேயே நல்ல கேம் ஆகிவிட்டது. அப்படியானால் திறமை இருந்திருக்கிறது. நேரம்தான் தவறான இடத்தில் செலவாகியிருக்கிறது.

இங்கே ஒரு கேள்வி வரலாம். "மூன்று முறை தள்ளிவைத்தார்களே, அது போதாதா?" போதாது. தேதி மூன்று வாரம் தள்ளிப்போனால் உள்ளே இருப்பவனுக்கு அது மூன்று வாரம் அதிகப்படி ராத்திரி வேலை, அவ்வளவுதான். தள்ளிவைக்கும்போது வேலையின் அளவையும் குறைத்தால்தான் அது மருந்து. இல்லாவிட்டால் நோயை நீட்டிப்பது.

"ஆளைக் கூட்டினால் என்ன?" என்பது அடுத்த கேள்வி. ஐபிஎம் நிறுவனத்தில் மாபெரும் மென்பொருள் திட்டம் ஒன்றை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975லேயே இதற்குப் பதில் எழுதிவிட்டார்: தாமதமான வேலையில் ஆளைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும். எப்படி என்று கணக்கிலேயே பார்க்கலாம். 10 பேர் இருந்தால் இருவர் இருவராகப் பேசிக்கொள்ள 45 இணைப்புகள். 50 பேருக்கு 1,225. 200 பேருக்கு 19,900! புதிதாக வந்தவனுக்குக் கற்றுத்தர வேண்டியவனோ, ஏற்கெனவே வேலையில் மூழ்கிக் கிடக்கும் பழைய ஆள்தான்.

நேரம், பணம், கேமின் அளவு. எந்தத் திட்டத்திலும் நகர்த்தக்கூடியவை இந்த மூன்றுதான் என்று மேலாண்மைப் பாடத்தில் சொல்லித்தருவார்கள். தேதியை மேடையில் சொல்லியாகிவிட்டது, நகராது. பட்ஜெட்டை இயக்குநர் குழு முடித்துவிட்டது, நகராது. விளம்பரத்தில் காட்டிய அம்சங்களை வெட்ட முடியாது, அளவும் நகராது. மூன்றும் நகராதபோது நகர்வது பாடத்தில் இல்லாத நாலாவது ஒன்று. அது ஊழியரின் ஞாயிற்றுக்கிழமை.

இதெல்லாம் எதிர்பாராமல் நடப்பது என்று நினைக்காதீர்கள். 2004 நவம்பரில், எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஊழியர் ஒருவரின் துணைவி பெயர் போடாமல் இணையத்தில் ஒரு கடிதம் எழுதினார். காலை 9 முதல் இரவு 10 வரை, வாரத்தில் ஏழு நாளும் வேலை என்று அதில் விவரித்திருந்தார். என்னை அதிரவைத்தது அந்த மணிக்கணக்கு அல்ல. கூடுதல் வேலை தொடங்கியபோது திட்டம் தாமதமாகவே இல்லை, சரியாக அட்டவணைப்படி போய்க்கொண்டிருந்தது என்று அவர் எழுதியிருந்ததுதான்! அப்படியானால் கிரஞ்ச் என்பது திட்டம் தோற்றதால் வந்ததல்ல. திட்டத்துக்குள்ளேயே இருந்தது. அந்த நிறுவனம் ஊழியர்களின் கூடுதல் நேர வழக்குகளை முடிக்க 2005இல் 1.56 கோடி டாலரும், 2006இல் 1.49 கோடி டாலரும் கொடுக்கச் சம்மதித்தது. அதுவரை அந்த மணிநேரங்கள் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் செலவாக ஏறவில்லை. செலவாக ஏறாத ஒன்றை எந்த மேலாளர் சிக்கனமாகப் பயன்படுத்துவார்?

மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். "தேதியே வேண்டாம், தயாரானதும் வரும்" என்று இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? 'டியூக் நியூகெம் ஃபாரெவர்' கதை தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். 1997இல் அறிவிக்கப்பட்டது. கையில் காசு இருந்ததால் 3டி ரியல்ம்ஸ் நிறுவனத்துக்கு அவசரமில்லை. போட்டி கேமில் புதிதாக ஒன்றைப் பார்த்தால் அதுவும் வேண்டும் என்று சேர்ப்பார்கள். அடித்தளமான இன்ஜினையே மாற்றினார்கள். 2009இல் குழு கலைக்கப்பட்டது. வேறு நிறுவனம் எடுத்து முடித்து 2011இல் வெளியிட்டது. பதினான்கு வருடக் காத்திருப்புக்குக் கிடைத்தது ஒரு பழைய கேம். ஆக, தேதி எதிரி அல்ல. "இதுவரை போதும்" என்று சொல்ல வைப்பது தேதிதான். எதுவும் தெரிவதற்கு முன் குறிக்கும் தேதிதான் எதிரி.

ஆஸ்திரேலியாவின் டீம் செர்ரியைச் சிலர் எதிர் உதாரணமாகக் காட்டுவார்கள். 2019இல் அறிவித்த 'சில்க்சாங்' கேமை 2025 செப்டம்பரில், வெறும் இரண்டு வாரத்துக்கு முன்பு தேதி சொல்லி வெளியிட்டார்கள், வரவேற்பு அமோகம். ஆனால் அவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள், முந்தைய கேம் சம்பாதித்துக் கொடுத்த பணம் கையில் இருந்தது. 300 பேருக்கு மாதச் சம்பளம் போடுகிறவர்களால் அப்படி இருக்க முடியாது. அவர்களுக்குப் பொருந்தும் உதாரணம் நிண்டெண்டோ. 'அனிமல் கிராசிங்' புதிய பாகத்தை 2019இலிருந்து 2020 மார்ச்சுக்குத் தள்ளியபோது, ஊழியர்களின் வேலைக்கும் வாழ்க்கைக்கும் உள்ள சமநிலையையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள். பங்கு விலை அப்போது சரிந்தது. கேமோ பிற்பாடு 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. (ஊரடங்குக் காலம் கைகொடுத்தது உண்மைதான். ஆனால் அரைகுறையாக வந்திருந்தால் ஊரடங்கும் காப்பாற்றியிருக்காது.)

என்னைக் கேட்டால் செய்ய வேண்டியவை மூன்று.

1. முழுத் தரத்தில் ஒரு பகுதியாவது ஆடும் நிலைக்கு வரும்வரை வெளியே தேதி சொல்லக்கூடாது. முன்னோட்டப் படம் அதற்கு ஈடாகாது.

2. எதை வெட்டலாம் என்ற பட்டியலை முதல் நாளே வரிசைப்படுத்தி வைக்க வேண்டும். கடைசி மாதத்தில் வெட்டினால் ஒரு வருட உழைப்பு குப்பைக்குப் போகும்.

3. அட்டவணையை வாரத்துக்கு 40 மணி நேரக் கணக்கில் போட வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு மணிக்கும் சம்பளம் கொடுத்துச் செலவுக் கணக்கில் ஏற்ற வேண்டும். விலை தெரிந்தால்தான் வீணடிக்கத் தயங்குவார்கள்.

அமெரிக்காவிலும் போலந்திலும் நடப்பதற்கு நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. பெங்களூரில் துருவா இன்டராக்டிவ் 1997லேயே தொடங்கப்பட்டு, வெளிநாட்டுக் கேம்களுக்குக் கார்களும் கட்டடங்களும் வரைந்துகொடுத்தது. 2019இல் ராக்ஸ்டார் அதை வாங்கியது. என்னோடு படிப்பவர்களில் நன்றாக வரைகிறவர்களும் நிரல் எழுதுகிறவர்களும் ஆசையோடு பார்க்கும் வேலை இது. தலைமை ஸ்டூடியோவில் யாரோ தாவலை மாற்றினால், மறுபடி வரைய வேண்டிய கை நாளை அவர்களுடையதாக இருக்கலாம்.

விளையாடுகிற நமக்கும் இதில் பங்கு உண்டு. 'சைபர்பங்க்' வெளிவரும் முன்பே, ஆடிப் பார்க்காமலே, 80 லட்சம் பேர் முன்பணம் கட்டியிருந்தார்கள். அக்டோபரில் தள்ளிவைத்தபோது ஊழியர்களுக்குக் கொலை மிரட்டல்கூடப் போனது. கொஞ்சம் யோசியுங்கள்: அந்தத் தேதியைக் குறித்தவர்கள் வேறு, திட்டு வாங்கியவர்கள் வேறு. அடுத்த முறை ஒரு கேம் தள்ளிப்போகிறது என்று செய்தி வந்தால் "ஏன் தாமதம்?" என்று கேட்காதீர்கள். முதல் தேதியை யார் குறித்தார்கள், அன்று அவர்கள் கையில் ஆடிப் பார்க்க ஏதாவது இருந்ததா என்று கேளுங்கள்.